போதை மாத்திரை: ஹைதராபாத் முதலில் நோயை அளக்கட்டும்

2015 செப்டம்பரில் தெலங்கானாவின் நிசாமாபாத், மகபூப்நகர் மாவட்டங்களில் கலப்படக் கள்ளுக்கு எதிரான சோதனைகளை ஆயத்தீர்வைத் துறை முடுக்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் அங்குள்ள அரசு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்களைக் கண்டு அலறுதல் என்று கூலித் தொழிலாளர்களும் பெண்களும் முதியவர்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். கள் என்று நம்பி அவர்கள் குடித்துவந்ததில் அல்பிரஸோலம், டயஸிபாம், குளோரல் ஹைட்ரேட் போன்ற தூக்க மருந்துகள் கலந்திருந்தன. அவற்றுக்குப் பழகிப்போன உடல், வரத்து நின்றதும் தாங்கவில்லை. சோதனை நடத்தியவர்களைக் குறைசொல்ல முடியாது. கலப்படத்தைப் பிடிப்பது அவர்கள் கடமை. ஆனால் எத்தனை ஆயிரம் பேர் அந்த மருந்துகளுக்கு அடிமைப்பட்டிருக்கிறார்கள், திடீரென்று நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள், எத்தனை படுக்கைகள் தயாராக இருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த நடவடிக்கைக்கு முன் போடப்படவில்லை. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் மதுக்கடைகளும் கள்ளுக்கடைகளும் ஒரே வீச்சில் மூடப்பட்டபோது ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் அதே நெரிசல். 2025 ஜூலையில் கூகட்பள்ளி வட்டாரத்தில் கலப்படக் கள் மீண்டும் உயிர்களைப் பறித்தது. அப்போதும் அல்பிரஸோலம்தான் அகப்பட்டது. பத்தாண்டு இடைவெளியில் மூன்று முறை பாடம் நடந்துவிட்டது.

இவையெல்லாம் தூக்க மருந்துகளின் கதை. இப்போது நகரத்தின் கவலை வலிநிவாரணி மாத்திரைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. டிரமடால், டாபெண்டடால் போன்றவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை: அபினிலிருந்து வந்த மார்ஃபினைப் போல மூளையில் செயல்படுபவை, ஆனால் ஆலையில் தயாராகுபவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கும் மருந்துக்கடைகள் மீது தெலங்கானா மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுத்துவருகிறது. மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகளும் வருகின்றன. போதைப்பொருள் தடுப்புக்கென்று 2025 ஜூனில் மாநில அரசு தன் காவல் பிரிவுக்கு 'ஈகிள்' என்று புதுப் பெயரும் கூடுதல் பலமும் தந்தது. காவல் பணி தேவைதான். என் வாதம் வேறு. இந்த நகரம் ஓபியாய்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாக அளந்து, அந்த அளவீட்டின் மேல் சிகிச்சையைக் கட்டமைத்து, அதன் பிறகே வரத்தை நெருக்க வேண்டும். வரிசை மாறினால் 2015 இன்னொரு வடிவில் திரும்பிவரும்.

அளப்பதற்கு நம் கையில் இருப்பது என்ன? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவின் மிகப்பெரிய கணக்கெடுப்பு. வீடு வீடாக 4,73,569 பேரிடம் கேட்டார்கள். மக்களில் 2.06 விழுக்காட்டினர், ஏறத்தாழ 2.26 கோடிப் பேர், ஏதோ ஓர் ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். சுமார் 77 லட்சம் பேருக்கு அது சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றியிருக்கிறது. ஹெராயின் 1.14, மருந்துக்கடை ஓபியாய்டுகள் 0.96, அபின் 0.52 விழுக்காடு. அதாவது கடையில் அட்டையாக விற்கும் மாத்திரையும் ஊசி மருந்தும் அபினைத் தாண்டி, ஹெராயினை நெருங்கிவிட்டன. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர்கள் 20 பேரில் ஒருவர்தான். இந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அது மாநில அளவில் மதிப்பிட வடிவமைக்கப்பட்டது. களப்பணி நடந்தது 2018இல். சார்மினார் பகுதிக்கும் மாதாப்பூருக்கும் தனித்தனியாக என்ன தேவை என்று அதைக்கொண்டு திட்டமிட முடியாது.

இறப்புக் கணக்கு இன்னும் மோசம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் போதைமருந்து மிகையால் இறந்தவர்கள் என்று நாடு முழுவதற்கும் வருவது சில நூறு பேர்தான். உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, ஓபியாய்டுக்கு அடிமையானவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஆறேழு பேர் மருந்து மிகையாலேயே இறக்கிறார்கள் என்று தெரிந்தது. நம்மிடம் ஊசியைவிடப் புகைப்பதும் விழுங்குவதும் அதிகம், ஆகவே நம் விகிதம் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் 77 லட்சத்துக்குப் பொருத்தினாலும் ஆண்டுக்கு ஐயாயிரம் வருகிறது. மிச்சமுள்ளவர்கள் எங்கே? மாரடைப்பு, சந்தேக மரணம், காரணம் தெரியாதது என்ற தலைப்புகளில் புதைந்துகிடக்கிறார்கள். உடற்கூறாய்வில் ரத்தத்தை டாபெண்டடாலுக்காகச் சோதிக்காதவரை அந்த மரணம் பேசாது. தெரியாத மரணத்துக்கு எந்த அரசும் நிதி ஒதுக்காது.

இங்கேதான் ஹைதராபாத்துக்கு மற்ற நகரங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் இந்நகரின் சிசிஎம்பி, ஐஐசிடி ஆகிய இரண்டு ஆய்வு நிறுவனங்களின் அறிவியலாளர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுத்து, அதிலிருந்த கொரோனா கிருமியின் மரபுப்பொருளை அளந்து, நகர மக்களில் சுமார் 6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 6.6 லட்சம் பேர், தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒருவரையும் வரிசையில் நிறுத்தாமல், மூக்கில் குச்சி விடாமல் கிடைத்த கணக்கு அது. இதே முறையில் போதைப்பொருளை அளப்பது உலகில் பழைய செய்தி. 2011இல் ஐரோப்பாவில் 19 நகரங்கள் சேர்ந்து தொடங்கின. ஆஸ்திரேலியா 2016 முதல் நாடு முழுக்க ஆக்ஸிகோடோன், ஃபெண்டனில் ஆகிய ஓபியாய்டுகள் உள்ளிட்டவற்றைச் சாக்கடையில் அளந்து அறிக்கை வெளியிடுகிறது. மருந்து உட்கொண்டவரின் சிறுநீரில் அதன் சிதைபொருள் வெளியேறுகிறது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனை பேரின் கழிவு வருகிறது என்று தெரிந்தால், ஆயிரம் பேருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடலாம். டாபெண்டடாலைத் தடை செய்யும் மாதத்தில் அதன் அளவு குறைந்து வேறொன்றின் அளவு ஏறினால், எந்தக் காவல் நிலையத்துக்கும் தெரிவதற்கு முன் ஆய்வகத்துக்குத் தெரிந்துவிடும்.

ஹைதராபாத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது மருந்து ஆலைகளின் நகரம். நகரின் விளிம்பில் உள்ள பட்டன்செருவின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆகவே சாக்கடையில் டாபெண்டடால் தென்பட்டால் அது மனித உடல் வழியே வந்ததா, ஆலையிலிருந்து நேராகக் கசிந்ததா என்று பிரித்தறிய வேண்டும். மருந்தையும் உடலுக்குள் மட்டுமே உண்டாகும் சிதைபொருளையும் சேர்த்து அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் இதற்கு வழி பிறக்கும். கழிவுநீர் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது: அந்த மில்லிகிராம்கள் அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளியுடையவையா, ஊசிக்கு அடிமையான இளைஞனுடையவையா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும்.

போதைப் பழக்கம் உள்ளவர்கள் வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் உண்மை பேச மாட்டார்கள் என்பது நியாயமான ஐயம். அதனால்தான் ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். முதலில் பேசச் சம்மதித்த சிலரிடம் அழைப்புச் சீட்டு கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரை அழைத்துவரச் செய்து, அவர்கள் வழியே அடுத்தவர்களை எட்டி, யாருக்கு எத்தனை பேர் பழக்கம் என்பதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் முறை அது. சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இப்படித்தான் 15 இந்திய நகரங்களில் ஊசிவழிப் போதை ஏற்றிக்கொள்ளும் 14,481 பேரைச் சந்தித்தன. பாதுகாப்பும் மரியாதையும் உறுதியானால் மக்கள் பேசுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதோடு ஹைதராபாத்தின் உஸ்மானியா, காந்தி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவேடுகளைச் சேருங்கள். 108 ஆம்புலன்ஸ் சேவை 2005இல் பிறந்ததே ஹைதராபாத்தில்தான். மூச்சடங்கிக் கிடந்தவரை எடுத்துவந்த ஒவ்வோர் அழைப்பிலும் ஓபியாய்டு ஐயம் உண்டா என்று குறிக்க ஒரு கட்டம் போதும். ஓபியாய்டு மிகையை நிமிடங்களில் முறிக்கும் நலாக்ஸோன் ஊசி அந்த வண்டிகளில் இருந்தால், கணக்கெடுக்கும்போதே உயிரும் காக்கலாம்.

'கணக்கெல்லாம் பிறகு, முதலில் வரத்தை நிறுத்துங்கள்' என்று பெற்றோர்கள் கேட்பதில் உள்ள வேதனை புரிகிறது. ஆனால் வரத்தை மட்டும் நிறுத்தியபோது நடந்தவை பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைப் பொடித்து உறிஞ்ச முடியாதபடி 2010இல் மாற்றி வடிவமைத்தார்கள். நல்ல எண்ணம்தான். அடிமைப்பட்டிருந்தவர்களில் பலர் ஹெராயினுக்குத் தாவினார்கள்; 2010இல் சுமார் 3,000 ஆக இருந்த ஹெராயின் மரணங்கள் 2014இல் 10,000ஐத் தாண்டின. நம் நாட்டிலும் டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது டாபெண்டடால். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு டாபெண்டடாலும் காரிஸோபுரடாலும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து போவதை பிபிசி வெளிக்கொணர்ந்தபின் 2025 பிப்ரவரியில் அந்த ஏற்றுமதி அனுமதியை மத்திய அரசு திரும்பப் பெற்றது. அந்த முடிவு சரியானது, தாமதமானதும்கூட. உற்பத்தி ஆலைகளையும் மொத்த விற்பனையாளர்களையும் கண்காணிப்பதில் எந்தத் தளர்வும் கூடாது. ஒரு பொருளின் வாயிலை அடைக்கும்போது அதற்கு அடிமையானவருக்குச் சிகிச்சையின் வாயில் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தச் சிகிச்சை என்ன என்பதில் ஆய்வுலகில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. புப்ரனார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11.3 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் 36.1 பேர். புப்ரனார்ஃபினில் 4.3, வெளியே 9.5. பிரான்ஸில் 1995க்குப் பின் பொதுமருத்துவர்களே புப்ரனார்ஃபின் எழுதித்தர அனுமதி கிடைத்தபோது, நான்கு ஆண்டுகளில் மிகை மரணங்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. 'ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பதா' என்பார்கள். மூளையின் அதே ஏற்பியில்தான் புப்ரனார்ஃபினும் அமர்கிறது. ஆனால் அதன் விளைவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருமுறை எடுத்தால் ஒரு நாளைக்கு மேல் நிற்கும். அடுத்த ஊசிக்கான தவிப்பு இல்லாமல் அந்த மனிதர் வேலைக்குப் போகலாம், குழந்தையைப் பள்ளியில் விடலாம். நீரிழிவு நோயாளியிடம் இன்சுலினுக்கு அடிமையாகிவிட்டாய் என்று நாம் சொல்வதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: புப்ரனார்ஃபினே கள்ளச்சந்தைக்குக் கசிகிறது என்பது. உண்மை. தொண்ணூறுகளில் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் பரவலாக இருந்ததே புப்ரனார்ஃபின் ஊசிதான். பஞ்சாப் 2017 அக்டோபர் முதல் வெளிநோயாளி மையங்களைத் திறந்து பல லட்சம் பேரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. அங்கும் தனியார் மையங்களிலிருந்து மாத்திரை கசிவதாகப் புகார்கள் எழுந்தன. இதற்கு மருந்தை நிறுத்துவது தீர்வாகாது. எப்படிக் கொடுப்பது என்பதை ஆராய வேண்டும். செவிலியர் முன்னிலையில் நாக்கடியில் கரையவிடும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் முறையா, ஊசியில் ஏற்றினால் தவிப்பைக் கிளப்பும் நலாக்ஸோன் கலந்த மாத்திரையை வாரக்கணக்கில் வீட்டுக்குத் தருவதா? தினமும் வரச்சொன்னால் கூலிவேலை போய்விடும், ஆள் நின்றுவிடுவார்; வீட்டுக்குத் தந்தால் கசியும். ஹைதராபாத்தின் ஆட்டோ ஓட்டுநருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும் எது பொருந்தும் என்பதைப் பஞ்சாபிலிருந்து அப்படியே நகலெடுக்க முடியாது. இரண்டு முறையையும் இரண்டு வட்டாரங்களில் நடத்தி, ஓராண்டு கழித்து யார் சிகிச்சையில் நீடித்தார்கள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி.

தண்டனை பயம் போய்விட்டால் பழக்கம் பெருகும் என்று சட்டத்தின் பெயரால் வாதிடுவோருக்கு, சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பயன்படுத்துபவரை விற்பவரிடமிருந்து பிரித்துப் பார்க்கும் அறிவு அந்தக் கடுமையான சட்டத்துக்கே உண்டு. சிறை பாதுகாப்பான இடமும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வந்தவர்களைத் தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் மருந்து மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. சிறையில் உடல் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவைப் போட்டதும் மூச்சு நின்றுவிடுகிறது. சில வாரம் அடைத்துவைத்துப் போதையை இறக்கிவிட்டு, மாற்று மருந்தும் தொடர் கவனிப்பும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் போதை மீட்பு மையங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஓபியாய்டு என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் நிலை வந்தால் பாதிக்கப்படப்போவது இன்னொரு கூட்டம். ஹைதராபாத்தின் ரெட்ஹில்ஸ் பகுதியில் உள்ள எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் மருத்துவமனையில் வலியோடு வரும் ஏழைகளுக்கு வாய்வழி மார்ஃபின் தந்து வலியைத் தணிக்கும் பிரிவு இயங்குகிறது. மருத்துவர் காயத்ரி பாலட் கட்டியெழுப்பிய அந்தப் பணி, மாவட்டங்களில் வலிதணிப்பு மையங்களாக விரிந்தது. 1985 சட்டம் வந்தபின் உரிமங்களுக்கும் வழக்குகளுக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டதில், அடுத்த 12 ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. புற்றுநோயாளிகள் துடித்துத்தான் செத்தார்கள். அந்த அச்சத்தை உடைத்ததும் ஓர் ஆய்வுதான்: கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டில் வைத்து உட்கொள்ள மார்ஃபின் கொடுத்து, ஒன்றுகூடத் தவறான கைக்குப் போகவில்லை என்று 2001இல் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். 2014 சட்டத்திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதியைக் கொண்டுவந்தது இந்த நீண்ட உழைப்பின் பலன். எந்த மருந்து, எந்த வட்டாரத்தில், எந்த வழியாகக் கசிகிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் அந்தக் கசிவை மட்டும் அடைக்கலாம். தெரியாத அரசு எல்லாக் குழாயையும் மூடும். முதலில் வறண்டுபோவது புற்றுநோயாளியின் மார்ஃபின்தான்.

ஆய்வுத் தரவு காவல் துறையின் கைக்குப் போய், குறிப்பிட்ட தெருக்களையும் குறிப்பிட்ட மதத்தினரையும் குறிவைக்கும் ஆயுதமாகலாம் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சார்மினாரைச் சுற்றியுள்ள பழைய நகரம் ஏற்கெனவே போதுமான பழியைச் சுமக்கிறது. ஆகவே கழிவுநீர் முடிவுகளைத் தெருவாரியாக வெளியிடக் கூடாது. லட்சக்கணக்கானோர் அடங்கிய சுத்திகரிப்பு எல்லை அளவில் மட்டும் வெளியிட வேண்டும். மருத்துவமனைப் பதிவுகளில் பெயர் நீக்கப்பட வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் வைத்து, 23ஆம் பிரிவில் நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. இந்த ஆய்வை நடத்தும் பொறுப்பு சுகாதாரத் துறையிடம் இருக்க வேண்டும், காவல் துறையிடம் போகக் கூடாது என்பதில் தெலங்கானா அரசு உறுதி காட்டினால்தான் மக்கள் பேசுவார்கள்.

செலவு பெரிய தடையில்லை. சிசிஎம்பியும் ஐஐசிடியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. நோய்ப்பரவல் கணக்கு தெரிந்தவர்களை உருவாக்கும் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் இங்கே இருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கும் இது வெளியூர்ச் செய்தியன்று. சென்னையில் வலிநிவாரணி மாத்திரையோடு பிடிபடும் இளைஞர்களைப் பற்றிய செய்தி வராத வாரம் குறைவு. நம்மிடமும் கைது எண்ணிக்கை இருக்கிறது, நோயாளிகளின் எண்ணிக்கை இல்லை. இரு மாநில அரசுகளுக்கும் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: இத்தனை கிலோ பிடித்தோம் என்று வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையிலும், அதே வட்டாரத்தில் அந்த மாதம் எத்தனை பேருக்கு மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கினோம், எத்தனை பேர் மிகையால் இறந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள். வீட்டில் இந்தத் துன்பம் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். மாற்று மருந்து எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.